பொம்மை வாங்கியாச்சு, மாடிக் கதவு மட்டும் திறக்கவில்லை: பிள்ளைகளின் இணைய உலகங்களும் பொம்மை நிறுவனங்களும்

வடலிநிழல் (ஸ்கார்பரோ) | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு மனம் கேட்கவில்லை.

மகளுக்கு ஏழு வயது. போன மாதம் பிறந்தநாளுக்கு என் தங்கை ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தாள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் பொம்மையின் காலடியில் ஒரு சின்ன அட்டை. சுரண்டினால் ஒரு கோட், அதாவது ரகசிய எண். அதை டேப்லெட்டில் போட்டால் அதே பொம்மை ஒரு ஊருக்குள் நடக்கத் தொடங்குகிறது. அங்கே வீடு, தோட்டம், நாய்க்குட்டி எல்லாம் உண்டு. மாடிக்குப் போகும் கதவு மட்டும் பூட்டு. அதைத் தட்டினால் இன்னொரு பொம்மையின் படம் வந்து, தோழி வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறது. அந்தத் தோழி கடையில் 34 டொலர்.

முதல் கிழமை பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நித்திரை. இப்போது பொம்மை சோபாவுக்குப் பின்னால் கிடக்கிறது. சுரண்டிய அந்த அட்டையை பென்சில் பெட்டிக்குள், அழிறப்பருக்கு அடியில் வைத்திருக்கிறாள். நேற்று பெட்டியைத் துடைக்க எடுத்தபோதுதான் கண்டேன். எண் அழிந்துவிடக்கூடாதென்று அதன் மேல் செலோடேப் வேறு ஒட்டியிருக்கிறாள், ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

34 டொலர் எனக்குப் பெரிய காசில்லை. அவள் அழுது பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. "அம்மா, அவள் வெளியில தனிய நிக்கிறாள்" என்றுதான் சொல்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? இது எப்போதிருந்து நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மீன்கொடி (மதுரை) | ஞாயிறு, இரவு 10.15

எங்கள் வீட்டில் கார். சின்ன இரும்பு கார், 150 ரூபாய். மகனுக்கு வாங்கித் தந்தால் அதை உருட்டுவதில்லை. போனில் அதே கார் எத்தனையாவது லெவலில் கிடைக்கும் என்று பார்க்கிறான். உங்கள் மகள் சொன்னதைப் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது அக்கா.

---

பழையமாடரேட்டர் (பெங்களூரு) | ஞாயிறு, இரவு 11.40

வடலிநிழல் அக்கா, இது இருபது வருடத்துக்கு மேலான ஏற்பாடு. குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டுத் தளத்தில் நாலு வருடம் அரட்டையைக் கண்காணிக்கிற வேலை பார்த்தவன் நான். தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

1999 நவம்பரில் நியோபெட்ஸ் வந்தது. இணையத்தில் ஒரு செல்லப்பிராணியை வளர்க்க வேண்டும், அதற்குச் சாப்பாடு வாங்க வேண்டும், அந்தக் காசுக்காகச் சின்னச் சின்ன ஆட்டங்கள் ஆட வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் பேனர் வைத்தால் பிள்ளைகள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அதனால் விளம்பரத்தையே ஆட்டமாக்கினார்கள். காலை உணவு நிறுவனத்தின் பெயரில் ஒரு ஆட்டம், பர்கர் கடையின் பெயரில் ஒரு ஆட்டம். ஆடினால் பிராணிக்குக் காசு. 'மூழ்கவைக்கும் விளம்பரம்' என்று இதற்கு அவர்களே பெயர் வைத்து, அந்தப் பெயரை வணிக முத்திரையாகவும் பதிந்துகொண்டார்கள். 2005இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் அந்த நிறுவனத்தை 16 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே 2005இல் வந்ததுதான் வெப்கின்ஸ். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டொரான்டோவுக்கு வடக்கே வுட்பிரிட்ஜில் உள்ள கான்ஸ் என்ற பரிசுப்பொருள் நிறுவனத்துடையது. பஞ்சு பொம்மையில் தொங்கும் சீட்டுக்குள் ரகசியக் கோட். அப்போதெல்லாம் அதைப் பதிந்தால் பொம்மைக்கு இணையத்தில் ஒரு அறை கிடைக்கும், ஒரு வருடத்துக்கு. வருடம் முடிவதற்குள் இன்னொரு பொம்மை வாங்கிப் பதிந்தால் கணக்கு நீளும். இதற்கு மேல் 'இந்த மாதப் பிராணி' என்று ஒன்றை அறிவிப்பார்கள். அந்த மாதத்துக்குள் அதைப் பதிந்த பிள்ளைக்குக் கூடுதல் பரிசுப் பை. பிராணிக்குப் பசி, உடல்நலம், சந்தோஷம் என்று மூன்று அளவுகள். கவனிக்காமல் விட்டால் வாடும், உடம்புக்கு முடியாமல் போகும், வாத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாவு மட்டும் கிடையாது. 2007 கடைசியில் அதற்குள் சினிமா விளம்பரங்களும் நுழைந்தபோது, பொம்மைக்குக் காசு வாங்கிவிட்டு உள்ளேயும் விளம்பரமா என்று அமெரிக்காவில் பெற்றோர் கண்டனம் எழுப்பினார்கள்.

உங்கள் மாடிக் கதவின் மூதாதையை நான் கண்டது 2007இல் பார்பி பொம்மையைச் செய்யும் மாட்டெல் தொடங்கிய பார்பிகேர்ள்ஸ் தளத்தில். பாட்டுக் கேட்கும் எம்பி3 பிளேயராக வேலை செய்யும் ஒரு பார்பி கருவியை 60 டாலருக்கு விற்றார்கள். கணினியோடு இணைத்தால் கூடுதல் உடைகள், கூடுதல் இடங்கள். தோழியோடு ரகசியமாக அரட்டை அடிக்க வேண்டுமா? தோழியும் அதே கருவி வைத்திருக்க வேண்டும், அவள் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் கணினியில் அதை ஒருமுறை செருக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் தோழி வேஷம் போட்டு உள்ளே வர வழியில்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் மிக நல்ல யோசனை, என் வேலையில் நான் கண்ட எதையும்விட நல்லது. ஆனால் இரண்டாவது கருவியை விற்றதும் அதே யோசனைதான். சேர்ந்தே வருவதால்தான் நம்மால் ஒன்றும் சொல்ல முடியாமல் போகிறது.

கிளப் பெங்குவின் என்ற இணைய உலகம் வேறு வழியில் போனது. 2005இல் கனடாவின் கெலோனாவில் தொடங்கியது, உள்ளே வெளியார் விளம்பரமே இருக்கவில்லை. 2007 ஆகஸ்டில் டிஸ்னி 35 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே விளையாடி நாணயம் சம்பாதிக்க எல்லோருக்கும் அனுமதி இருந்தது. அந்த நாணயத்தில் சட்டை துணி, இக்லூ வீட்டுக்குச் சாமான் என்று வாங்கப் போனால்தான் மாதச் சந்தா கேட்டார்கள். கை நிறையக் காசு வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிற பிள்ளையை யோசித்துப் பாருங்கள்.

என் வேலையில் மனதில் நின்றது ஒன்று. புதிதாக வந்த குழந்தையிடம் மற்றவர்கள் பெயர் கேட்பதற்கு முன்னால் "நீ என்ன வச்சிருக்க?" என்றுதான் கேட்பார்கள். ஒன்றும் இல்லாத குழந்தையைத் தூரத்திலிருந்தே தெரியும், தளம் கொடுத்த முதல் நாள் உடையிலேயே இருக்கும். கெட்ட வார்த்தையைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கேள்வியைத் தடுக்க என்னிடம் பொத்தான் இருக்கவில்லை.

---

மாடப்புறா (மார்க்கம்) | திங்கள், காலை 7.30

அண்ணா எழுதியதெல்லாம் சரி, ஆனால் அந்த உலகங்களில் வளர்ந்த பிள்ளை நான், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வரும்போது எனக்கு எட்டு வயது. வகுப்பில் ஒருத்தரோடும் பேச முடியாத ஆங்கிலம். பள்ளி முடிந்து வந்து அப்படியொரு தளத்தில்தான் மற்றப் பிள்ளைகளோடு பேசினேன். அதில் எழுதத் தெரிந்த சொற்களைத்தான் அடுத்த நாள் வகுப்பில் வாயால் சொல்லிப் பார்ப்பேன். அம்மாவுக்கு இரண்டு வேலை. சந்தா கட்டித் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒரு வருடம் முழுக்க முதல் நாள் உடையிலேயே இருந்தேன். அண்ணா சொன்ன அந்தக் கேள்வி என்னிடமும் கேட்கப்பட்டது.

ஆனாலும் அங்கே கிடைத்த சந்தோஷம் பொய்யில்லை. இப்போது எனக்கு வேலை இருக்கிறது. போன வருடம் பழைய பொருட்கள் விற்கிற தளமொன்றில் அந்தத் தளத்தின் பஞ்சு பொம்மையைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். கோட் போட இனி இடமில்லை, தளம் மூடி வருடங்களாகிவிட்டது. அந்தப் பொம்மை என் மேசையில்தான் இருக்கிறது.

---

பழையமாடரேட்டர் | திங்கள், காலை 8.05

தங்கச்சி, அந்த மகிழ்ச்சி பொய்யென்று நான் சொல்லவே மாட்டேன். அது உண்மையாக இருப்பதால்தான் அதன் மேல் விலை ஒட்ட முடிகிறது.

---

ஈவ்னிங்பஜார் (சென்னை) | திங்கள், பகல் 1.20

பாரிமுனையில் 26 வருடமாகப் பொம்மை மொத்த வியாபாரம் செய்கிறேன். என்னைத் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பிள்ளைகளை வைத்து விற்பது இன்றைக்கு வந்ததா? சூயிங்கத்தோடு கிரிக்கெட் வீரர் அட்டை வந்ததே, நாம் எத்தனை சூயிங்கம் மென்று துப்பினோம்? சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வட்டத் தகடு வந்தபோது சிப்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தகட்டை எடுத்த பிள்ளைகளை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அப்போதும் அப்பா அம்மா 'போதும்' என்றார்கள், நாம் நிறுத்திக்கொண்டோம். இப்போது யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கோட் வைத்த பெட்டி எங்களுக்கே தலைவலி. சாதாரணப் பொம்மை என்றால் பிடிக்கவில்லையென்று நாலு நாள் கழித்துத் திருப்பித் தந்தாலும் வாங்கி வைப்பேன். இது ஒருமுறை சுரண்டிவிட்டால் யாருக்கும் ஆகாது. பொம்மை புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

---

மீன்கொடி | திங்கள், பகல் 1.45

அண்ணாச்சி, உங்கள் கடைசிப் பத்தியிலேயே பதில் இருக்கிறதே. எங்கள் வீட்டில் ஒரு மர நடைவண்டி இருக்கிறது. நான் ஓட்டியது, என் தம்பி ஓட்டியது, பெரியப்பா பேரன் ஓட்டியது, இப்போது என் மகள் ஓட்டுகிறாள். கிரிக்கெட் அட்டையும் அப்படித்தான். ரெண்டு கபில்தேவ் இருந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்று வாங்குவோம். நான் யாரிடம் மாற்றினேன், எத்தனை மணிக்கு மாற்றினேன் என்று சூயிங்கம் கம்பெனிக்குத் தெரியாது. இந்தக் கோட் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். தம்பிக்கு வேண்டுமென்றால் தம்பிக்குத் தனியாக வாங்க வேண்டும்.

---

ஈவ்னிங்பஜார் | திங்கள், பகல் 2.10

அது உண்மைதான் தம்பி. அண்ணன் பொம்மை தம்பிக்கு என்று போய்க்கொண்டிருந்தது நின்றுவிட்டது. வியாபாரி என்கிற முறையில் எனக்கு அதில் லாபம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

---

தராசுமுள் (சென்னை) | திங்கள், இரவு 9.15

நான் வழக்கறிஞர். நுகர்வோர் வழக்குகள்தான் அதிகம். பெற்றோர் 'போதும்' என்று சொல்ல வேண்டும் என்கிறார் அண்ணாச்சி. சொல்ல வேண்டியதுதான். ஆனால் எதற்குச் சொல்வது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டுமே.

டிவி காலத்தில் விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு எல்லை இருந்தது. கார்ட்டூனில் வரும் பாத்திரம் அதே கார்ட்டூனின் இடைவேளையில் வந்து பொருள் விற்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1974லேயே சொல்லிவிட்டார்கள். பிறகு 1990 சட்டத்தில் நிமிடக் கணக்கும் வந்தது. குழந்தைகள் நிகழ்ச்சியில் மணிக்கு வார நாட்களில் 12 நிமிடம், சனி ஞாயிறுகளில் பத்தரை நிமிடம், அதற்கு மேல் விளம்பரம் கூடாது. வடலிநிழல் அவர்கள் சொல்லும் ஊரில் விற்கிற பாத்திரமும் நிகழ்ச்சியும் இடைவேளையும் ஒன்றே. எந்த நிமிடத்தை எண்ணுவது?

கனடாவிலேயே இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கியூபெக் மாகாணம் 13 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்துக்குத் தடை போட்டது, 1980இலிருந்து நடைமுறையில். அதை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? இர்வின் டாய், டொரான்டோவின் பொம்மை நிறுவனம். கருத்துச் சுதந்திரம் பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். 1989இல் தீர்ப்பு. ஆமாம், இது கருத்துச் சுதந்திரத்தைத் தொடுகிறது, ஆனால் விளம்பரத்தின் வசியத்தை எடைபோடத் தெரியாத வயதுப் பிள்ளைகளைக் காப்பதற்காக இந்த அளவு தடை நியாயமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஸ்வீடனிலும் 12 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்துக்குத் தடை உண்டு. ஒன்டாரியோவில் கியூபெக் மாதிரி சட்டம் இல்லை.

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரிக்கக்கூடாது என்று 1998இல் கொப்பா சட்டம் வந்தது. 2011இல் டிஸ்னியின் பிளேடாம் நிறுவனம், சிறுவர்களுக்கான இணைய உலகங்கள் தொடர்பாக அந்தச் சட்டத்தின்கீழ் 30 லட்சம் டாலர் கட்டியது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 52 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி பிள்ளைகளின் தகவல் விஷயத்துக்கு. மீதி 24.5 கோடி, பொத்தான்களைக் குழப்பமாக வைத்துத் தெரியாமல் வாங்க வைத்ததற்காக மக்களுக்குத் திருப்பித் தர. நம் நாட்டில் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது அதன் 9ஆம் பிரிவு. காகிதத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையானது.

இதில் எதுவுமே அந்த மாடிக் கதவைத் தொடாது என்பதுதான் என் கவலை. கதவுக்குத் தகவல் திருட வேண்டிய தேவை இல்லை. அது பூட்டியிருந்தாலே போதும்.

---

வடலிநிழல் | திங்கள், இரவு 10.00

எல்லோருக்கும் நன்றி. தராசுமுள் ஐயா, மகளின் வகுப்பில் அந்தப் பொம்மை வைத்திருப்பவர்கள் பாதிக்கு மேல். அவர்கள் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டு உலகத்திலும் இருக்கிறார்கள். அதிலும் இப்படித்தானா? அவளுக்கு இன்னும் அதை இறக்கிக் கொடுக்கவில்லை.

---

பழையமாடரேட்டர் | செவ்வாய், அதிகாலை 12.20

அக்கா, பெரிய பொம்மை நிறுவனங்கள் இப்போது பெரும்பாலும் சொந்தமாக ஊர் கட்டுவதில்லை, பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிற ஊரில் மனை பிடிக்கிறார்கள். சொந்தமாகக் கட்டியவர்கள் பட்ட செலவு அப்படி. லெகோ 2010 அக்டோபரில் லெகோ யூனிவர்ஸ் தொடங்கி 2012 ஜனவரியில் மூடியது, ஒன்றேகால் வருடம்தான். பார்பிகேர்ள்ஸும் நிலைக்கவில்லை. இன்றைக்கு ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களுக்கு ரோப்லாக்ஸுக்குள் ஊர் இருக்கிறது, பார்பிக்கு அங்கே வீடு கட்டும் ஆட்டம் இருக்கிறது. லெகோ 2023 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே தனி உலகம் திறந்தது. அதற்கு முன்பே, 2022இல், லெகோ குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் எபிக்கில் 100 கோடி டாலர் போட்டிருந்தது. கடையில் விற்கிற ரோப்லாக்ஸ் பொம்மைகளிலும் கோட் உண்டு.

13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்டக்கூடாது என்று ரோப்லாக்ஸ் 2023இல் விதி கொண்டுவந்தது. அந்த விதி விளம்பரப் பலகைக்குத்தான். ஒரு பொம்மையின் பெயரிலேயே ஊர் இருந்தால், பிள்ளை தானாகத் தேடிப் போனால், அது பலகையாக எண்ணப்படுவதில்லை. நான் வேலை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கிக் கொடுப்பதானால் பெற்றோர் கணக்கில் மாதச் செலவு வரம்பு போடும் இடம் இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். கிரெடிட் கார்டு எண்ணை டேப்லெட்டில் சேமித்து வைக்காதீர்கள்.

---

சனிக்கிழமைவகுப்பு (ஹாரோ, லண்டன்) | செவ்வாய், மாலை 6.40

தமிழ்ப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன தவணையில் 'என் வீடு' என்று படம் வரைந்து பெயர் எழுதச் சொன்னேன். கதிரை, மேசை, சன்னல் என்று சொற்கள் பழகுவதற்காக.

ஒரு பையன் நல்ல பெரிய வீடு கீறினான். நீச்சல் குளம், சறுக்கு, கூரையில் ஹெலிகொப்டர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன வட்டமும் ஒரு எண்ணும். கட்டிலுக்கு 80, குளத்துக்கு 450. என்னப்பா இது என்று கேட்டேன். "டீச்சர், இது எவ்வளவுக்கு வாங்கலாம் எண்டு" என்றான். குளத்துக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு பூட்டும் கீறியிருந்தான். அவன் அம்மாவை எனக்குத் தெரியும், ஒரு அறை பிளாட்டில் நாலு பேர்.

அடுத்த கிழமை வகுப்பில் கேட்டேன், நீங்கள் விளையாடுகிற இடத்தில் விளம்பரம் வருமா என்று. ஒருத்தரும் கை தூக்கவில்லை. விளம்பரம் என்றால் வீடியோவுக்கு நடுவில் வருவது, அதைத் 'தாண்டலாம்' என்றார்கள். அவர்களுக்கு விளம்பரம் என்றால் தாண்ட முடிகிற ஒன்று. தாண்ட முடியாததெல்லாம் விளையாட்டு.

---

ஈவ்னிங்பஜார் | செவ்வாய், இரவு 8.30

டீச்சரம்மா, அந்தப் படத்தை நினைத்துக்கொண்டே இன்று கடையில் இருந்தேன். ஒரு அம்மா கோட் பெட்டி கேட்டார். கோட் ஒரு முறைதான், சுரண்டினால் திருப்பி எடுக்கமாட்டோம், உள்ளே இன்னும் வாங்கச் சொல்லும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனாலும் சொன்னேன். இனி சொல்வேன்.

---

மாடப்புறா | செவ்வாய், இரவு 9.05

வடலிநிழல் அக்கா, ஒன்று மட்டும். தயவுசெய்து அந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள். அவளைக் கேட்காமல் தளத்தை அழித்துவிடவும் வேண்டாம். என் தளம் மூடிய நாளில் எனக்கு 15 வயது, நண்பர்கள் முன்னால் சிரித்துவிட்டு அறைக்குள் போய் அழுதேன். அவளோடு உட்கார்ந்து ஒருமுறை அந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். யாரும் என்னோடு அப்படி உட்கார்ந்ததில்லை.

---

வடலிநிழல் | வியாழன், இரவு 10.30

நேற்றுப் பின்னேரம் அவளோடு இருந்து அந்த ஊரைப் பார்த்தேன். நாய்க்குட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறாள், எங்கள் அம்மம்மா வீட்டு நாயின் பெயர். தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, இங்கே ஒளித்தால் ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். கதவுக்கு முன்னால் வந்ததும் நான் தட்டினேன். அந்தப் படம் வந்தது.

"இதை ஆர் பூட்டினது?" என்று கேட்டேன். யோசித்தாள். "அவள்தான்" என்று பொம்மையைக் காட்டினாள். இல்லை, இந்தப் பொம்மையைச் செய்து கடைக்கு அனுப்பினவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பூட்டினது, நாங்கள் இன்னொன்று வாங்கவேண்டுமென்று என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். போய் சோபாவுக்குப் பின்னாலிருந்து பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது பொம்மை வாங்குவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பெட்டியை வெளியில் போடும் முன்னம் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். இணையச் சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அடியில் ஒரு வரி இருக்கிறது. நிறுத்தினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வீர்கள், அவள் கட்டிய வீட்டைப் படமாகவாவது எடுத்து வைக்க வழி தருவீர்களா என்று அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

தராசுமுள் ஐயா, அவர்கள் பதில் தராவிட்டால் ஒன்டாரியோவில் எங்கே முறையிடுவது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.